பட்டாசலுக்கு ஒரு தொடுதிரைக் கணினி: இடமும் எர்த்தும் முதலில், மாடல் நம்பர் பிறகு

வீட்டுக்குப் பொதுவாக திரைக்குள்ளேயே கணினி முழுதும் அடங்கிய ஒரு ஆல் இன் ஒன் வாங்கலாம் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் கேட்பது "பிராசசர் ஐ3 போதுமா, ஐ5 வேணுமா" என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். நாலு பேர் புழங்குகிற இடத்தில் இருக்கும் தொடுதிரைக் கணினியைப் படுத்துவது பெரும்பாலும் மேசையும், ப்ளக்கும், நம்ம ஊர்க் காற்றும். ஆகவே டேப் எடுத்து இடத்தை அளந்துவிட்டு, வயர்மேனைக் கூப்பிட்டு சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அப்புறம் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையோ பாளையங்கோட்டையோ போங்கள்.

எங்கே வைப்பது

தெருப்பக்க வராண்டாவான தார்சாவில் வேண்டாம். தெருப் புழுதியும் சாரலும் நேரே வரும், போகிற வருகிறவர் கண்ணும் படும். படுக்கையறையில் வைத்தால் அது ஒருவருடைய கணினியாகிவிடும். பட்டாசல், அதாவது கூடம்தான் சரி. அதிலும் மேற்கு பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தொடுதிரைகள் பெரும்பாலும் பளபளப்புக் கண்ணாடி. சாயங்கால வெயில் அடித்தால் படம் தெரியாது, முகம்தான் தெரியும். வெயில் நேரே திரையில் விழுகிற இடமும் ஆகாது. சித்திரை, வைகாசியில் பெட்டிக்குள் சூடு ஏறி கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சாமி மாடத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்தாலும் அங்கே வைக்காதீர்கள். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் காற்றுத் துளையில் படிந்தால், அதன்மேல் தூசி ஒட்டி மெழுகு மாதிரி இறுகிவிடும். டிவி ஸ்டாண்டும் தோதுப்படாது. கை நீட்டித் தொட வேண்டிய திரை அது. மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற திரை இல்லை.

மேசை 70 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண மேசை 75 இருக்கும். பெரியவர்களுக்குச் சரி, ஏழு வயதுப் பிள்ளைக்குக் காலுக்கு ஒரு பலகை போட வேண்டும். உயரத்தைவிட முக்கியம் ஆட்டம். மேசையின் ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். லேசாக ஆடினாலும், ஒவ்வொரு தொடுதலுக்கும் திரை தலையாட்டும். பத்து நிமிஷத்தில் கண் வலிக்கும். இரண்டு எல் கிளாம்ப் வாங்கி மேசையைச் சுவரோடு முடுக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கணினியை இழுத்துத் தள்ளிவிடும் வயதில் பிள்ளை இருந்தால், ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு நைலான் பட்டை போட்டு அதையும் சுவர் ஆணியில் கட்டுங்கள். 24 அங்குல ஆல் இன் ஒன் ஐந்தாறு கிலோ இருக்கும். காலில் விழுந்தால் விளையாட்டு இல்லை.

திரையின் பின்புறத்துக்கும் சுவருக்கும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். திரையை நட்டமாக நிறுத்தாமல் 15 முதல் 20 டிகிரி வரை பின்னால் சாயுங்கள். நட்டமான திரையைத் தொட முழங்கை அந்தரத்தில் நிற்க வேண்டும், தோள் சீக்கிரம் கடுக்கும். சாய்த்தால் முழங்கை மேசையில் ஊன்றும். நீளமாக டைப் அடிப்பதைத் தொடுதிரையில் யாரும் செய்ய முடியாது. வயர்லெஸ் கீபோர்டும் மவுசும் மேசை டிராயரில் கிடக்கட்டும்.

டவுனிலும் பாளையிலும் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனம். முன்கட்டில் இருக்கும் மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டாம் கட்டுக்கு வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரும், ஆனால் மெதுவாக. கணினி ஒரே இடத்தில்தானே இருக்கப்போகிறது. மோடத்திலிருந்து ஒரு கேட்6 லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு வீடியோ கால் போடும்போது வித்தியாசம் தெரியும்.

எர்த் இல்லையென்றால் பேய் தொடும்

தொடுதிரை பற்றிய புகார்களில் பாதி இங்கேதான் முடியும். யாரும் தொடாமலே ஐகான் திறக்கிறது, எழுத்து தானே அடிக்கிறது, ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் அமுங்குகிறது. "வைரஸ் வந்துட்டு" என்று விண்டோஸை அழித்துப் போட்டாலும் மறுநாள் அதேதான்.

காரணம் இது. இப்போது வரும் திரைகள் கெபாசிட்டிவ் வகை. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத மின் கம்பி வலை இருக்கிறது. விரல் அருகில் வந்ததும் அங்கே மின்னேற்றம் துளியூண்டு மாறும். அந்த மாற்றத்தைத்தான் கணினி 'தொட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது. அடாப்டரிலிருந்து கசியும் இரைச்சல் எர்த் வழியாக இறங்காவிட்டால் அது அந்த வலையிலேயே சுற்றும், கணினி அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். உலோக ஸ்டாண்டைத் தொட்டால் விரல் சுருக்கென்று கூசுகிறதா? அது எர்த் இல்லை என்பதன் அடையாளம்.

டெஸ்டர் வைத்துப் பார்ப்பது போதாது. அது பேஸ் எது என்று மட்டும் சொல்லும். வயர்மேனிடம் மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு 100 சொச்சம் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ, மூன்றாவது துளையில் வயரே இல்லை, அல்லது நடுவில் அறுந்திருக்கிறது.

நியூட்ரல்-எர்த் அளவு அப்பட்டமாகப் பூஜ்யமாக இருந்தாலும் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிற வேலை நடக்கிறது. பார்க்க நன்றாக ஓடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கணினியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின் கசிவு வந்ததும் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீடாக இருந்தால், கணினிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

எர்த் குழி இருந்தும் பயன் இல்லாத வீடுகள் உண்டு. சரள் மண்ணில் கோடையில் குழி வறண்டு சுண்டிப்போகும். உப்பும் கரியும் போட்ட குழியானால் மாசி முதல் ஆவணி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கணினியின் மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகினால் இத்தனையும் வீண்.

எர்த் சரியாக இருந்தும் பேய் தொடுகிறதா? திரை ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் 'ஹ்யூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்பதன் கீழே 'எச்ஐடி கம்ப்ளையண்ட் டச் ஸ்கிரீன்' என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்யுங்கள். அப்படியும் திரையின் ஒரே பட்டையில் மட்டும் பிரச்சினை நின்றால் கண்ணாடிதான் பழுது. வாரண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

கரண்ட் போனால்

ஆல் இன் ஒன்னில் பேட்டரி கிடையாது. மடிக்கணினி என்று நினைத்து வாங்குகிறவர்கள் முதல் கரண்ட் கட்டில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அடாப்டரின் முதுகைப் பாருங்கள்: 19 வோல்ட் 4.74 ஆம்பியர் என்றால் 90 வாட், 6.32 என்றால் 120 வாட். அது உச்ச அளவு; சாதாரணமாக 40 முதல் 60 வாட்தான் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். அதிலுள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி புதிதாக இருக்கையில் அரைமணி நேரம் தாங்கும், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும். மோடத்தையும் அதிலேயே செருகுங்கள். கரண்ட் போனதும் கணினி ஓடி இணையம் நின்றால் என்ன பயன்?

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனி யுபிஎஸ் வேண்டாம், ஆனால் பின்பக்க ஸ்விட்ச் 'யுபிஎஸ்' என்ற பக்கம் இருக்க வேண்டும். 'நார்மல்' பக்கம் இருந்தால் மாறுகிற அந்த இடைவெளியிலேயே கணினி அணைந்து திரும்ப எழும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அடாப்டர் ரீங்கரிக்கும், தொடுதிரையும் தடுமாறும். சைன் வேவ்தான் வேண்டும்.

மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 50 வாட், தினம் 6 மணி நேரம், 60 நாள்: இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். ஏசி ஒன்று இரண்டே ராத்திரியில் இதைத் தின்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கை உருவ வேண்டும். தெருக் கம்பத்திலிருந்து செம்புக் கம்பி கேபிள் வருகிற வீடானால் லேன் வயரையும் உருவுங்கள். போர்டு கருகுவது அந்த வழியாகவும்தான். ஃபைபரில் மின்னல் வராது, ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டரும் சுவரில்தானே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்த பிறகும் யுபிஎஸ்ஸைத் தரையில் வைப்பது நியாயமில்லை. மேசைக்கு அடியில் முட்டி உயரத்தில் ஒரு பலகை அடித்து யுபிஎஸ்ஸும் அடாப்டரும் ஜங்ஷன் பாக்ஸும் அதன்மேல் இருக்கட்டும். வீடு கழுவுகிற தண்ணீருக்கும் அது பாதுகாப்பு.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தொடுதிரைதானா என்று பாருங்கள். ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் தொடுதிரை உள்ளதும் இல்லாததும் விற்பனைக்கு வருகின்றன. டெமோவில் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் வருவது மற்றதாக இருக்கலாம். செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தில் 'பென் அண்ட் டச்' என்ற வரியில் 10 டச் பாயிண்ட்ஸ் என்று இருக்க வேண்டும். ஐமேக்கில் தொடுதிரை கிடையாது. அதைக் கேட்டு அலைய வேண்டாம். பெயிண்டைத் திறந்து மூலைக்கு மூலை ஒரு விரலால் மெதுவாகக் கோடு இழுங்கள். கோடு எங்கேயாவது அறுந்தால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள்.

நினைவகம் 8 ஜிபி என்பது ஒருவருக்கு. நாலு பேர் தத்தம் கணக்கை மூடாமல் எழுந்து போகும் வீட்டில் 16 வேண்டும். ராம் போர்டிலேயே பற்றவைத்ததா, ஸ்லாட்டில் கழற்றி மாட்டக்கூடியதா என்று கேளுங்கள். ஸ்லாட் இருந்தால் இப்போது 8 போதும், பிறகு கூட்டலாம். எஸ்எஸ்டி 512. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள பழைய சரக்கை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். பிராசசர் விஷயத்தில், உள்ளே இருப்பது பெரும்பாலும் மடிக்கணினிக்கான 'யு' வகைதான். பள்ளிப் பாடம், வீடியோ கால், பட்டா சிட்டா எடுப்பது, பில் கட்டுவது இதற்கெல்லாம் ஐ3 யு வகை தாராளம். இன்டெல் என்100 போன்ற சின்ன பிராசசர்கள் ஒருவர் ஒரு வேலை செய்தால் ஓடும், கூட்டம் சேர்ந்தால் திணறும்.

எச்டிஎம்ஐ இன் இருக்கிறதா என்று தேடுங்கள், எல்லாவற்றிலும் இராது. 'அவுட்' மட்டும் இருந்தால் படம் வெளியே போகும், உள்ளே வராது. 'இன்' இருந்தால் செட்டாப் பாக்ஸை இதிலேயே மாட்டலாம். ஏழெட்டு வருஷம் கழித்து கணினி மெதுவாகிப் பழசானாலும் திரை டிவியாகப் பயன்படும்.

பழையது வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. 11 ஏறுவதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள்தான் மலிவாகக் கிடைக்கின்றன. ஏன் மலிவு என்பதற்குக் காரணம் இதுதான். வங்கி வேலை செய்யும் வீட்டுக்கு அது ஆகாது.

பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். வாரண்டி வீட்டுக்கே வந்து பார்ப்பதா, நம் பின்கோடுக்கு அது உண்டா என்று வாங்கும் முன்னே கேட்டுவிடுங்கள். வள்ளியூர், அம்பாசமுத்திரம் தாண்டி உள்ளே போனால் பதில் மாறும்.

நாலு பேர், நாலு கணக்கு

நிர்வாகி கணக்கு ஒன்று மட்டும், பொறுப்பான ஒருவரிடம். அந்தக் கணக்கில் தினசரி வேலை செய்யக்கூடாது. மற்ற எல்லாருக்கும் சாதாரணக் கணக்கு. ஆளுக்கொரு பின் நம்பர். "ஒரே வீடுதானே, எதுக்கு நாலு?" என்று தாத்தா கேட்பார். அண்ணனின் உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொல் தங்கச்சியின் விளையாட்டுச் சுட்டலுக்குக் கிடைக்காமல் இருக்கத்தான். பொதுக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமிக்கவே வேண்டாம் என்பது இன்னும் நல்லது.

பிள்ளைகள் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஃபேமிலியில் சேர்த்தால் நேர வரம்பு வைக்கலாம். ஆபாசத் தளங்களைத் தடுக்க, மோடத்தின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து முகவரி தேடும் சேவை) அமைப்பில் 1.1.1.3, 1.0.0.3 என்று இரண்டு எண்ணைப் போடுங்கள். வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் பொருந்தும். போனில் டேட்டா போட்டுப் பார்க்கிறவரை இது தடுக்காது. அதற்குக் கணினி பட்டாசலில் இருப்பதே பெரிய காவல்.

ஒன்டிரைவ் தானாகவே படங்களையும் டெஸ்க்டாப்பையும் மேலேற்றத் தொடங்கும், இலவச இடமோ 5 ஜிபி. கல்யாண ஆல்பம் ஒன்று போதும், நிரம்பி "காசு கட்டு" என்று நச்சரிக்கும். வேண்டாதவர்கள் ஒவ்வொரு கணக்கிலும் அந்த பேக்கப்பை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

ஐந்து நிமிஷத்தில் திரை அணையட்டும், இருபதில் தூங்கட்டும், எழுப்பினால் பின் கேட்கட்டும். பவர் பொத்தானை அழுத்தினால் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்கள். தவழுகிற பிள்ளைக்கு அந்த வெளிச்சப் புள்ளிமேல்தான் கண். கேமராவுக்கு மூடி இல்லாவிட்டால் ஒரு துண்டு கறுப்பு டேப்.

ஆச்சி விரலுக்குத் திரை அசையவில்லை என்றால்

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வருஷக் கணக்காகப் பீடி சுற்றிய விரல்களிலும், வயல் வேலை செய்த விரல்களிலும் நுனித் தோல் காய்த்து உலர்ந்திருக்கும். காய்ந்த தோல் மின்னேற்றத்தை மாற்றுவது குறைவு. அவர்கள் பலமாகக் குத்துவார்கள், கண்ணாடி கேட்காது, "எனக்கு இதெல்லாம் வராது" என்று எழுந்துவிடுவார்கள். குத்தச் சொல்லாதீர்கள். நுனியை விட்டுவிட்டு விரலின் சதைப் பகுதியைத் தட்டையாக வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அல்லது ஈரத் துணியில் விரலை ஒற்றிக்கொள்ளட்டும். ரப்பர் முனை ஸ்டைலஸ் ஒன்றை நூல் கட்டி மேசையில் தொங்கவிட்டால் இன்னும் லேசு. கை நடுக்கம் உள்ளவருக்கு அவர் கணக்கில் மட்டும் ஸ்கேலை 150 சதவீதம் ஆக்குங்கள், பொத்தான்கள் பெரிதாகும்.

தமிழில் அடிக்கத் தனியாக எதுவும் இறக்க வேண்டாம். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகையும் வரும். போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடித்துப் பழகியவருக்கு அஞ்சல். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தமிழ்99. விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும்.

தூசி, உப்பு, பல்லி

ஆடிக் காற்று நம் பக்கம் அடிக்கிற வேகத்துக்கு ஜன்னலைச் சாத்தினாலும் மேசையில் பெயர் எழுதலாம். காற்றடிக்கிற மாதங்களில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை, கணினியை அணைத்து, ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷால் பின்பக்கத் துளைகளைத் தட்டிவிடுங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மண் நைசாக இருப்பதால் உள்ளே ஃபேன் வரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். உவரி, திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று யுஎஸ்பி வாயில் பச்சை பிடிக்க வைக்கும். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நாளில் நேர்மாறு: கணினியை நாள் கணக்கில் அணைத்தே வைக்கக்கூடாது. தினம் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே ஈரம் தங்காது.

மூடுவதற்குப் பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். தூக்க நிலையில் இருக்கும்போது மூடாதீர்கள், முழுதாக அணைத்தபின் மூடுங்கள்.

பல்லி வெதுவெதுப்பைத் தேடிப் பின்துளை வழியாக நுழையும். போர்டில் குறுக்கே விழுந்தால் இரண்டும் போச்சு. கொசுவலையை நெருக்கமாக ஒட்டினால் காற்று அடைபடும். சுவரிலிருந்து தள்ளி வைப்பதும், மேசையில் மிக்சர் சிந்தாமல் பார்ப்பதும்தான் வழி. எறும்பு வந்தால் பல்லி வரும்.

திரையைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி, லேசாக நனைக்க பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். துணியை நனையுங்கள், திரையில் தெளிக்காதீர்கள். கீழ் விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் திரையின் மேல்பூச்சை உரிக்கும். அல்வா தின்ற கைப் பிசுக்குக்குக் குழாய்த் தண்ணீர் போடாதீர்கள், உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும்.

ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது ஸ்டாண்டின் காலில் மட்டும். குழைத்த சந்தனத்தைத் திரையின் நெற்றியில் வைத்தால், தண்ணீர் பிரேம் இடுக்கில் இறங்கும். அந்த இடத்தில்தான் கேமராவும் மைக்கும் இருக்கின்றன. மாலையைப் பின்துளைகளை மூடாமல் போடுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது

எஸ்எஸ்டி, ராம், ஃபேன் இவற்றை உள்ளூர்க் கடையிலேயே மாற்றலாம். கண்ணாடி உடைந்தால் கதை வேறு. பல மாடல்களில் தொடுகண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். விலை கேட்டால் புதுக் கணினியின் பாதி வரை சொல்வார்கள். "வேற மாடல் கண்ணாடியைப் பொருத்தித் தாரேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், படம் வரும், தொடுதல் வராது. தொடாமல் மவுசால் ஓடினாலே போதும் என்றால், டிவைஸ் மேனேஜரில் டச் ஸ்கிரீனை டிசேபிள் செய்துவிட்டு, விரிசல்மேல் அகல செல்லோ டேப் ஒட்டி ஓட்டலாம். கடையில் விடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு, நிர்வாகி பின்னைத் தராமல் புதிதாக ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து அதன் பின்னை மட்டும் கொடுங்கள்.